செங்கமாரியும் பித்தக்குழாய் அடைப்பும்

(மாதாந்த சுகாதாரக் கூட்டத்தில் தோட்ட சேமநல உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்று நாம் பேசப்போவது சதையியில் வரும் புற்றுநோயைப் பற்றி. சதையி என்பது இரைப்பைக்குப் பின்னால் உள்ள உறுப்பு. கணையம் என்றும் சொல்வார்கள். இந்த நோய் ஆரம்பத்தில் வெளியே தெரியாது. தெரியவரும்போது பலருக்கு ஒப்பரேஷன் செய்து கட்டியை எடுக்கும் காலம் கடந்திருக்கும்.

"ஒப்பரேஷன் செய்ய முடியாது" என்று டொக்டர் சொன்னதும், "இனி வைத்தியமே இல்லை" என்று நாம் நோயாளியை லயத்துக்குக் கூட்டிவந்து விடுகிறோம். இது சரியல்ல. நோயைக் குணமாக்க முடியாவிட்டாலும், வேதனையைக் குறைக்க முடியும்.

ஈரலிலிருந்து பித்தம் ஒரு சிறிய குழாய் வழியாகக் குடலுக்குப் போகிறது. சதையியின் தலைப்பக்கம் கட்டி வளர்ந்தால் அந்தக் குழாயை நெரித்துவிடும். பீலிக்கு வரும் குழாய் அடைத்தால் தண்ணீர் பின்னுக்குத் தேங்கும் அல்லவா? அப்படித்தான் பித்தமும் தேங்கி இரத்தத்தில் கலக்கிறது. கண் மஞ்சளாகும். சிறுநீர் கடும் பிளேன்டீ நிறத்தில் போகும். மலம் வெளிறிப்போகும். உடம்பெல்லாம் அரிப்பெடுத்து இராத்திரி நித்திரை வராது.

செங்கமாரி என்றதும் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடிக்கிறோம். அது அடைபட்ட குழாயைத் திறக்காது. செங்கமாரி எல்லாம் புற்றுநோயும் அல்ல. கல்லாலும் வரும், ஈரல் நோயாலும் வரும். ஆகவே முதலில் பரிசோதனை அவசியம்.

அடைப்புக்கு உள்ள வழிகள் இவை:

1. வாய் வழியாகக் கமரா குழாயை இறக்கி, அடைபட்ட இடத்தில் 'ஸ்டென்ட்' என்னும் சிறு குழாயை வைப்பார்கள். வயிற்றை வெட்டுவதில்லை. பிளாஸ்டிக் ஸ்டென்ட் சுமார் 3 மாதத்தில் அடைபடலாம். அப்போது மாற்ற வேண்டும். உலோக ஸ்டென்ட் விலை கூட, ஆனால் கூடிய காலம் நிற்கும்.

2. அது முடியாவிட்டால், விலாப்பக்கத் தோல் வழியாக ஈரலுக்குள் ஊசி செலுத்தி, குழாய் வைத்துப் பித்தத்தை வடிப்பார்கள். சிலருக்கு வெளியே பை தொங்கும்.

3. உடம்பில் தெம்புள்ள சிலருக்கு, பித்தக்குழாயைக் குடலோடு வேறு வழியில் இணைக்கும் ஒப்பரேஷன் செய்வார்கள். கட்டி உள்ளேயே இருக்கும்.

4. மிகவும் பலவீனமானவருக்கு இவை ஒன்றும் வேண்டாம் என்று டொக்டர் சொல்லலாம். அப்போதும் அரிப்புக்கும் வலிக்கும் மருந்து உண்டு. கடும் வலிக்கு மோர்பின் கொடுப்பார்கள். டொக்டர் சொன்ன அளவில் கொடுத்தால், போதைக்கு அடிமையாகிவிடுவாரோ என்று பயந்து நிறுத்தத் தேவையில்லை.

ஸ்டென்ட் வைத்தவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கண் திரும்பவும் மஞ்சளானாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. குழாய் அடைபட்டுக் கிருமி தொற்றியிருக்கலாம். உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

இன்னொன்று. நகையை அடகு வைத்து, "புற்றுநோயைக் கரைக்கிறேன்" என்பவர்களிடம் கொடுத்து ஏமாறாதீர்கள். டொக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "எந்த வழி இவருக்குப் பொருந்தும்? எவ்வளவு நாள் நிற்கும்? எப்போது திரும்ப வர வேண்டும்?" நோயாளியின் விருப்பத்தையும் கேளுங்கள். அவருடைய உடம்பைப் பற்றி அவரை விட்டுவிட்டு நாம் முடிவெடுப்பது நியாயமா?

கடிதம் எழுத, கிளினிக் போக உதவி தேவையானவர்கள் கிளினிக் கொப்பியோடு எமது காரியாலயத்துக்கு வாருங்கள். மிஞ்சியிருக்கும் நாட்களில் அவர் அரிப்பில்லாமல் தூங்கி, இரண்டு வாய் சோறு சாப்பிட்டு, பிள்ளைகளோடு பேசினால் அதுவே பெரிய காரியம்.