மரத்துக்குள் போன பிறகு மருந்து இல்லை

மரத்தைத் துளைத்து உள்ளே வாழும் பூச்சியைப் போல அடக்குவதற்குக் கடினமான பூச்சி வேறில்லை. இலையைத் தின்னும் புழுவின் மேல் மருந்து படும். சாறு உறிஞ்சும் பூச்சியைத் தண்ணீரைப் பீய்ச்சியடித்தே ஓரளவு விரட்டலாம். கட்டைக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டு ஓராண்டு, ஈராண்டு கிடக்கிற புழுவை எது தொடும்? மரம் வெளியே பச்சையாக நிற்கும், உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும். பட்டையில் ஓட்டை தெரிகிற நேரத்தில் உள்ளே இருந்தது பறந்து போயிருக்கும். தென்னை வளர்த்த வீடுகளுக்கு இது புதிய செய்தி அல்ல. சிவப்புக் கூன்வண்டு குடைந்த தென்னையில் நடுக்குருத்து சாய்ந்த அன்றுதான் வீட்டார் அண்ணாந்து பார்க்கிறார்கள். சென்னையின் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்துப் பழைய கொல்லைகளில் இப்படிப் போன தென்னைகள் உண்டு.

கூன்வண்டு இந்த மண்ணிலேயே பிறந்த பூச்சி. அதைத் தின்னவும் கெடுக்கவும் இங்கே வேறு உயிர்கள் இருக்கின்றன. கடல் கடந்து வரும் துளைப்பானுக்கு அந்தத் தடையும் இல்லை. எதிரிகளைப் பிறந்த ஊரிலேயே விட்டுவிட்டு அது கப்பல் ஏறுகிறது. வந்து இறங்கும் இடத்தில் ஒரே வகை மரம், ஒரே வயதில், நெருக்கி நட்டபடி ஆயிரக்கணக்கான ஏக்கரில் நின்றால் அதற்கு வேறென்ன வேண்டும்? பைன் தோட்டம் என்பது சரியாக அப்படிப்பட்ட இடம்தான்.

இதற்கு உலகம் கொடுத்த விலையைச் சொல்லும் பூச்சி, சைரெக்ஸ் என்னும் மரக்குளவி. ஐரோப்பாவும் அதை அடுத்த ஆசியப் பகுதிகளும் வட ஆப்பிரிக்காவும் அதன் தாயகம். நீலம் பாய்ந்த கறுப்பு உடல், செம்மஞ்சள் கால்கள், வாலில் நீண்ட ஊசி. பெண்குளவி அந்த ஊசியால் பட்டையைக் கடந்து வெளிக்கட்டை வரை துளையிட்டு, முட்டையோடு இன்னும் இரண்டு பொருள்களை உள்ளே செலுத்துகிறது. ஒன்று, மரத்தின் உயிரோட்டத்தைக் குலைக்கும் நச்சுக் கோழை. மற்றொன்று, தன் உடலில் சிறு பையில் சுமந்து வந்த பூஞ்சை. கோழை மரத்தைத் தளர்த்துகிறது. பூஞ்சை கட்டையை உலர்த்தி மக்கச் செய்கிறது. பூஞ்சை பக்குவப்படுத்திய கட்டையைத் தின்று புழு வளர்கிறது. மூன்றும் சேர்ந்துதான் மரத்தைக் கொல்கின்றன. வளமான மரம் பிசினைக் கொட்டித் துளையை மூடிவிடப் பார்க்கும். நெருக்கத்தில் வெயிலும் நீரும் கிடைக்காமல் தவிக்கும் மரத்துக்கு அந்தத் தெம்பு இல்லை. குளவி அப்படிப்பட்ட மரத்தைத்தான் தேடி வருகிறது.

1900-ஐ ஒட்டி நியூசிலாந்தில் கால் வைத்த இந்தக் குளவி பல பத்தாண்டுகள் பெரிய தொந்தரவு தராமல் இருந்தது. 1940-களின் பிற்பகுதியில் மழை பொய்த்தது. நெருக்கத்தைக் குறைக்காமல் விட்ட பைன் தோட்டங்களில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மரங்கள் செத்தன. 1952-ல் தாஸ்மேனியா, 1961-ல் ஆஸ்திரேலியப் பெருநிலம், 1980-ல் உருகுவே, 1988-ல் பிரேசில், 1994-ல் தென்னாப்பிரிக்கா, 2004-ல் அமெரிக்கா என்று அது பரவியது. குளவி தானாகப் பெருங்கடலைத் தாண்டாது. கட்டையும் பெட்டியும்தான் அதைச் சுமந்தன.

அதை அடக்கும் வழிகளில் முதலாவது மருந்தே அல்ல, அரிவாளும் அளவுக்கோலும்தான். குறித்த வயதில் மெலிந்த மரங்களை வெட்டி எடுத்து, நிற்பவற்றுக்கு இடைவெளி கொடுப்பது. நாற்றங்காலில் பயிரைக் களைத்து விடுகிற அதே அறிவு. இதைத் தள்ளிப்போட்ட தோட்டத்தில் மற்ற எந்த வழியும் முழுப்பலன் தருவதில்லை.

இரண்டாவது வழி, அறிவியலின் அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று. 1962-ல் நியூசிலாந்தில் மரக்குளவியின் உடலுக்குள் ஒரு நூற்புழு கண்ணில் பட்டது. கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அந்தப் புழுவுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு என்பதை ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் ராபின் பெடிங் தெளிவுபடுத்தினார். குளவிப் புழு அருகில் இல்லாதபோது நூற்புழு அந்தப் பூஞ்சையையே தின்று மரத்துக்குள் பல்கிப் பெருகுகிறது. குளவிப் புழு அருகில் வந்தால் வேறு வடிவம் எடுத்து அதன் உடலுக்குள் புகுகிறது. அது குளவியைக் கொல்வதில்லை. பெண்குளவியின் முட்டைகளுக்குள் நுழைந்து அவற்றை மலடாக்குகிறது. அந்தக் குளவி வழக்கம்போல் பறந்து, வழக்கம்போல் மரத்தைத் துளைத்து, முட்டை என்று நினைத்து நூற்புழுக்களை அடுத்த மரத்தில் இறக்கிவிட்டுப் போகிறது. எதிரியே விநியோகம் செய்யும் மருந்து!

நடைமுறையில் இது எளிது. சில மரங்களில் களைக்கொல்லியைச் செலுத்தி வேண்டுமென்றே நலிவாக்குகிறார்கள். குளவிகள் அங்கே வந்து குவிகின்றன. இவை பொறி மரங்கள். பிறகு அவற்றை வெட்டிச் சாய்த்து, சுத்தியல் போன்ற கருவியால் வரிசையாகத் துளை போட்டு, கூழில் கலந்த நூற்புழுக்களை நிரப்புகிறார்கள். இதோடு, குளவிப் புழுவைத் தேடித் துளையிட்டு முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் விடுகிறார்கள். அவற்றில் இபாலியா என்ற வகை, மரக்குளவி போட்ட துளை வழியாகவே ஊசியை இறக்குகிறது.

இவ்வளவு நல்ல வழி கிடைத்த பிறகும் ஆஸ்திரேலியா ஒருமுறை தோற்றது. 1987 முதல் 1989 வரை, தெற்கு ஆஸ்திரேலியாவும் விக்டோரியாவும் சந்திக்கும் பசுமை முக்கோணப் பகுதியில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பைன் மரங்கள் செத்தன. மரங்களைக் களைத்து விடுவதில் சுணக்கம். நூற்புழு விடுவதிலும் சுணக்கம். அதோடு இன்னொரு காரணமும் வெளிப்பட்டது. ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்காகப் பூஞ்சையை மட்டுமே ஊட்டி வளர்த்ததால், நூற்புழு குளவிக்குள் புகும் குணத்தையே இழந்துகொண்டிருந்தது. வேட்டை நாயை வீட்டிலேயே சோறு போட்டு வளர்த்த கதை. தீர்வு, முதலில் புழுவை விட்ட காட்டிலேயே இருந்தது. தாஸ்மேனியாவின் கமோனா காட்டில், குளவிகளோடு வாழ்ந்து வீரியம் குறையாமலிருந்த அதே புழுவை 1991-ல் மீண்டும் எடுத்தார்கள். இன்று பல நாடுகளில் பயன்படுவது அந்தக் கமோனா வகை. உயிரியல் கட்டுப்பாடு என்பது ஒருமுறை விட்டுவிட்டு மறந்துபோகும் வேலை அல்ல.

தமிழ்நாட்டுக்கு இந்த முறை அந்நியமும் அல்ல. 2008-ல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் வெள்ளையாகப் போர்த்தியபோது, 2010-ல் புவர்ட்டோ ரிகோவிலிருந்து வரவழைத்த கடுகளவு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை வளர்த்து மாவட்டந்தோறும் கொடுத்தது. மாவுப்பூச்சி வெளியே உட்கார்ந்திருந்ததால் அது கைக்கு எட்டியது. மரத்துக்குள் இருப்பது அவ்வளவு சீக்கிரம் எட்டாது.

சில துளைப்பான்கள் தாமே கொல்வதில்லை. கொல்லியைச் சுமந்து வருகின்றன. பைன் வாடல் நோயின் நூற்புழு வட அமெரிக்காவுக்கு உரியது. ஜப்பானில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பைன்கள் செத்து விழத் தொடங்கின. காரணம் ஒரு நூற்புழு என்று நிரூபிக்க 1971 வரை ஆயிற்று. நீண்ட உணர்கொம்புள்ள வண்டு இளங்கிளையைக் கடிக்கும் காயத்தின் வழியே அது மரத்துக்குள் போகிறது. சீனாவை 1982-லும், தென்கொரியாவை 1988-லும், போர்ச்சுகலை 1999-லும் எட்டியது. அங்கெல்லாம் இன்றும் முக்கிய வழி இதுதான்: வண்டு வெளிவருவதற்குள் செத்த மரத்தை வெட்டி எரிப்பது, அல்லது சிறு சில்லுகளாக அரைப்பது.

இந்தியாவில் பொறி மரம் என்ற சொல்லைக் காட்டிலாகா நெடுநாளாகவே அறியும். சால் மரத்தைக் குடையும் வண்டு நம் நாட்டுப் பூச்சியே. 1990-களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தின் மண்டலா வட்டாரத்தில் அது பெருகியபோது, வெட்டி நசுக்கிய சால் கட்டைகளின் சாற்று வாசனைக்கு வரும் வண்டுகளைக் கிராம மக்கள் கையால் பிடித்துக் கூலி பெற்றார்கள். இமயமலைச் சரிவுகளின் சீர் பைன் காடுகளுக்கு அயல் துளைப்பான் வந்தால் வரும் கேடு அதைவிடப் பெரிதாக இருக்கலாம். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் நிற்கும் பைன்களின் நிலை வேறு. அவை புல்வெளிகளின் மேல் மனிதர் நட்டவை. அவ்விடங்களில் சோலையும் புல்லும் திரும்ப வேண்டும் என்ற குரல் நியாயமானது. வெட்டவும் மாட்டோம், களைத்து விடவும் மாட்டோம் என்று நெருக்கமாகக் கிழடாக விட்டுவைப்பதுதான் மிகத் தவறான முடிவு. வரக்கூடிய துளைப்பானுக்கு அது விரித்து வைத்த பாய்.

எல்லாவற்றுக்கும் முந்திய வேலை வாசலில் இருக்கிறது. நியூசிலாந்துப் பைன் உருட்டுக்கட்டைகளை இந்தியா நெடுங்காலமாக வாங்குகிறது. அவற்றுக்குப் பூச்சி நீக்கும் சிகிச்சை கட்டாயம். கட்டையைவிடக் கண்ணில் படாமல் நுழைவது, சரக்கைத் தாங்கி வரும் பேலட்டும் பெட்டியும். நியூயார்க்கின் புரூக்ளினில் 1996-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஆசிய நீள்கொம்பு வண்டு பெட்டி மரத்தில் வந்ததுதான். அதன் பிறகே 2002-ல் உலகப் பொது விதி ஒன்று பிறந்தது: பெட்டி மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் தொடர்ந்து இருக்க வேண்டும், அல்லது மீத்தைல் புரோமைடு புகையிட வேண்டும். இரண்டாவது, ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு. வெப்பமே மேலான வழி. இந்தியாவில் 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இறக்குமதியை ஒழுங்குபடுத்துகிறது. சென்னையில் அந்தக் காவல், மீனம்பாக்கத்தில் உள்ள மண்டலத் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் பொறுப்பு.

துறைமுகத்தில் இறங்கிய பேலட் துறைமுகத்தோடு நிற்பதில்லை. பிரித்த பலகை பழக்கடைக்கு மேடையாகிறது, தச்சுப் பட்டறையில் அலமாரியாகிறது, மொட்டைமாடிச் செடிக்குத் தொட்டியாகிறது. மந்தைவெளியில் அப்படி ஒரு பலகையைத் திருப்பிப் பார்த்தால், ஓரத்தில் சூடு போட்டது போன்ற முத்திரை தெரியும். கட்டத்துக்குள் ஒரு கதிர், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, தயாரித்தவர் எண், 'எச்டி' (HT) அல்லது 'எம்பி' (MB) போன்ற குறி. எச்டி என்றால் வெப்பம் கொடுத்தது, எம்பி என்றால் புகையிட்டது. ப்ளைவுட் பெட்டிக்கு இந்த முத்திரை தேவையில்லை. பழைய பலகையிலிருந்து மாவு போலத் தூள் கொட்டுவது பெரும்பாலும் உள்ளூர் உளுவண்டின் வேலை. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். முத்திரை இல்லாத பச்சைப் பலகை, ஒட்டிய பட்டை, பென்சில் நுழையும் அளவுக்கு வட்டமான ஓட்டை, உள்ளே இறுகிய மரத்தூள் ஆகியவையே கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

நகர மரங்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். தென், தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த, எள்ளளவே உள்ள துளைவண்டுக் கூட்டம் ஒன்று இலங்கையிலும் வால்பாறையிலும் தேயிலைக் கிளைகளை ஓட்டை போடுவது மலையகத் தொழிலாளர் அறிந்ததே. அக்கூட்டத்து வண்டினம் ஒன்று 2021-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தெரிந்தது. தெருமரம், பூங்கா மரம் என்று ஆயிரக்கணக்கில் வெட்டியும் பயனில்லாமல், ஒழிக்க இயலாது என்று 2025-ல் அந்நாடு முடிவுக்கு வந்தது. மந்தைவெளித் தெருக்களின் பூவரசும் புங்கையும் அப்படி ஒரு நாளைச் சந்திக்கக் கூடாது. முத்திரையில்லாத இறக்குமதிப் பலகையில் வட்ட ஓட்டை தெரிந்தால் அதைக் குப்பையில் எறியவும் வேண்டாம், வேறொருவருக்கு விற்கவும் வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி வைத்து, மீனம்பாக்கம் நிலையத்துக்கு அன்றைக்கே தகவல் கொடுங்கள்.