கேள்வி கேட்கச் சொன்ன அட்மிரல்



படித்தது ஒரு துறை, வேலை வேறு துறை என்பது, பட்டம் பெறும் உங்களில் பலருக்கு நேரப்போகிறது. அங்கே எதைக் கொண்டுபோவது? அமெரிக்கக் கடற்படையிலிருந்து சிஐஏ தலைமைக்குப் போன ஸ்டான்ஸ்ஃபீல்ட் டர்னரின் வாழ்க்கையில் இதற்கு விடை இருக்கிறது. 1972-இல் நியூபோர்ட் கடற்படைப் போர்க் கல்லூரியின் தலைவரானதும் அவர் பாடத்திட்டத்தையே மாற்றினார். கப்பல் நடத்திப் பழகிய அதிகாரிகளின் மேசையில் தூசிடிடீஸ் எழுதிய கிரேக்கப் போர் வரலாற்றை வைத்தார். ஏவுகணைக் காலத்தில் இது எதற்கு என்று தோன்றலாம். ஆனால், அந்த வரலாற்றில் வரும், தன் கடற்படையை நம்பிச் சிசிலிக்குப் போய்த் தோற்ற ஏதென்சின் கதை, வியட்நாம் போரைப் பார்த்தவர்களுக்குப் பழங்கதையாகவா இருந்திருக்கும்? பலம் இருந்தும் ஏன் தோற்கிறோம் என்று அது கேட்க வைத்தது.

1977-இல் அதிபர் கார்ட்டர், கடற்படைக் கழகத்தில் தன்னோடு படித்த டர்னரை உளவுத் துறைத் தலைவராக்கினார். உளவாளிகளைவிடச் செயற்கைக்கோள் போன்ற கருவிகளில் டர்னருக்கு நம்பிக்கை அதிகம். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று, இரகசிய நடவடிக்கைப் பிரிவில் 820 பணியிடங்களைக் குறைப்பதற்கான கடிதங்கள் போகத் தொடங்கின. அங்கே ஆள் மிகுதி என்று அவருக்கு முன்பே சொல்லப்பட்டிருந்ததால், குறைப்பில் நியாயம் உண்டு. பல்லாண்டு உழைத்தவர்களை இரண்டே வாக்கியத்தில் அனுப்பியதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

டர்னர் போன்ற வெளியாளைத் தலைவராக வைத்ததே தவறு என்பார்கள். செனட்டின் சர்ச் குழு 1975-இல் சிஐஏவின் கொலைச் சதிகளை அம்பலப்படுத்திய பிறகு, உள்ளேயே வளர்ந்த ஒருவரால் மக்களின் நம்பிக்கையை மீட்டிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஆள்குறைப்பால்தான் ஈரான் புரட்சியைக் கோட்டைவிட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. அந்தத் தவறின் வேர் இன்னும் பழையது. ஈரான் மன்னர் ஷாவின் மனம் கோணக்கூடாதென்று, அவருடைய எதிர்ப்பாளர்களோடு பழகுவதையே அமெரிக்கர்கள் பல ஆண்டுகளாகக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். மசூதிகளில் கைமாறிய, புரட்சித் தலைவர் கொமேனியின் பேச்சு கேசட்டுகள் எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் விழாது. ஈரானில் புரட்சிக்கு முந்தைய நிலைகூட இல்லை என்று 1978 ஆகஸ்டில் சிஐஏ மதிப்பிட்டது. 1979 ஜனவரியில் ஷா நாட்டைவிட்டே போனார். இத்தனை படை வைத்திருக்கும் மன்னர் ஏன் தோற்கக்கூடும்? நியூபோர்ட் வகுப்பறையில் எழுந்திருக்கக்கூடிய இந்தக் கேள்வி, டர்னரின் சொந்த அலுவலகத்தில் உரக்க எழவில்லை.

பட்டதாரிகளே, புதிய வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, அங்குள்ள அறிக்கைகளில் யாருடைய குரல் வரவில்லை என்று கேளுங்கள். அவர்களை நேரில் போய்ப் பாருங்கள்.