பெருந்தொற்றுக் காலத்தில் உணவும் ஊட்டமும்

(உணவுப் பாதுகாப்பு குறித்த கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரை)

கொள்ளை நோயும் உணவுத் தட்டுப்பாடும் கைகோத்து வரும் என்பது இந்நாட்டின் பழைய அனுபவமாகும். 1918ஆம் ஆண்டில் இன்ஃபுளுயென்சாக் காய்ச்சல் பரவியபோது அவ்வாண்டின் பருவமழையும் பொய்த்தது. தானிய விலை ஏறிற்று. வயலில் நிற்க வேண்டியவர்கள் பாயில் கிடந்தனர். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அந்நோயால் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. நோயின் கடுமையோடு, ஊட்டம் குன்றிய உடலின் நலிவும் இவ்வளவு பெரிய இழப்புக்குக் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. அன்றைய அரசிடம் மக்களுக்கு வழங்கப் போதுமான தானிய இருப்பும் இல்லை; வழங்குவதற்கான கடைகளும் இல்லை.

2020 மார்ச் 25 அன்று கொரோனாத் தொற்றின் பொருட்டு நாடு முழுவதும் முடக்கப்பட்டபோது நிலைமை வேறாக இருந்தது. அம்மாதத் தொடக்கத்தில் மத்தியத் தொகுப்பில் அரிசியும் கோதுமையுமாக 580 லட்சம் டன்னுக்கு மேல் இருந்தது. ஏப்ரல் முதல் நாளில் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று வகுக்கப்பட்ட அளவோ 210 லட்சம் டன் தான். அதற்கு முந்திய ஆண்டுகளில் இவ்வளவு தானியத்தைக் கிடங்கில் தேக்கி வைப்பது வீண் செலவு என்று கூறிய பொருளாதார அறிஞர் பலர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. தானியத்தைக் காத்து வைக்கும் செலவு அற்பமானதன்று. எலிக்கும் ஈரத்துக்கும் போவதும் உண்டு. ஆயினும் அந்த 'வீண்' இருப்பே 2020இல் நாட்டைத் தாங்கிற்று.

மார்ச் 26 அன்று அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரி ஏழைகள் நல உணவுத் திட்டத்தின்படி, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, வழக்கமான பங்கோடு, ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் விலையின்றித் தரப்பட்டது. இதற்கு மாதந்தோறும் கூடுதலாகச் சுமார் 40 லட்சம் டன் வேண்டும். இடையில் சில மாதங்கள் நின்று, 2022 டிசம்பர் வரை மொத்தம் 28 மாதங்கள் இத்திட்டம் நடந்தது. ஒதுக்கப்பட்ட தானியம் 1,118 லட்சம் டன். நெருக்கடி வந்த பின் உலகச் சந்தையில் வாங்கிச் சேர்த்து இதனைச் செய்திருக்க முடியுமா? பல நாடுகள் அவ்வேளையில் ஏற்றுமதியைத் தடுத்தன என்பதை நினைவிற் கொள்வது நலம்.

இருப்பு மட்டும் போதுமானதன்று. அது நகர வேண்டும். பயணிகள் ரயில்கள் நின்றுவிட்ட நிலையில் சரக்கு ரயில்கள் ஓடின. ஒரு சரக்கு ரயில் ஏறத்தாழ 2,800 டன் தானியத்தைச் சுமக்கும். அந்தத் தானியத்தை ஏற்றவும் இறக்கவும் மூட்டை தூக்கும் தொழிலாளர் வேண்டும். ஊரடங்கில், நோய்க்கு அஞ்சிய அவர்கள் வேலைக்கு வந்ததே பெரிய செய்தி. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தஞ்சாவூரில் தனது முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்ததிலிருந்து படிப்படியாக எழுந்த கிடங்குகளும் கணக்கு முறைகளும் இதற்கெல்லாம் அடிப்படையாயின.

முடக்கம் தொடங்கியபோதே வடக்கே கோதுமை முற்றிக் கிடந்தது. மார்ச் 27 அன்று வேளாண்மைப் பணிகளுக்கும் மண்டிகளுக்கும், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் அறுவடை இயந்திரங்களுக்கும் விலக்களிக்கப்பட்டது. கொள்முதல் பெரும்பாலும் ஏப்ரல் 15க்குப் பின்னரே தொடங்கிற்று. பஞ்சாபில் கூட்டத்தைக் குறைக்கக் கொள்முதல் நிலையங்கள் பெருக்கப்பட்டன. உழவர்கள் நாள் குறித்த அனுமதிச் சீட்டுடன் வந்தனர். பலரும் எதிர்பாராத ஓர் இடையூறும் நேர்ந்தது: வங்காளத்துச் சணல் ஆலைகள் மூடப்பட்டதால் கோணிக்குத் தட்டுப்பாடு. கோதுமை இருந்தும், அதைக் கட்டச் சாக்கு இல்லை! சணல் சாக்குகளே வேண்டும் என்ற விதியைத் தளர்த்திப் பிளாஸ்டிக் இழைச் சாக்குகளுக்கு இடமளித்தே இதனைச் சமாளிக்க வேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் பின், அப்பருவத்தின் கோதுமைக் கொள்முதல் 389 லட்சம் டன்னைக் கடந்து அதுவரையில் காணாத அளவை எட்டியது. மத்தியப் பிரதேசம் பஞ்சாபையே முந்திற்று.

அப்படியானால் குறை எங்கே நேர்ந்தது? தானியம் குடும்ப அட்டையைத் தேடிச் சென்றது. அட்டையோ ஊரில் இருந்தது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் பெயர் பதிந்த தொழிலாளி சூரத்திலோ மும்பையிலோ வேலையின்றி நின்றபோது, அவன் பங்கு அவனுக்கு எட்டாத தொலைவில் இருந்தது. அட்டையே இல்லாதோர் நிலை இன்னும் கடினம். 2020 மே மாதத்தில் இத்தகையோர் 8 கோடிப் பேர் எனக் கருதி இரண்டு மாதங்களுக்கு 8 லட்சம் டன் ஒதுக்கப்பட்டது. ஆனால் அவர்கள் யார், எங்குள்ளனர் என்னும் பட்டியல் எந்த அலுவலகத்திலும் இல்லை. ஒதுக்கியதில் பாதிகூட உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குள் பலர் நெடுஞ்சாலைகளில் நடந்து ஊர் சேர்ந்துவிட்டனர்.

'ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டை' என்ற ஏற்பாடு 2019 ஆகஸ்டில் நான்கு மாநிலங்களில் தொடங்கப்பட்டிருந்தது. நாடு முழுவதும் பரவ 2022 ஜூன் ஆயிற்று. இதனை விரைவுபடுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29 அன்று ஆணையிட்டது. அட்டை உள்ளவருக்கு இது பெரும் வசதி. அட்டை இல்லாதவருக்கு? கிராமப்புறத்தில் 75 சதவீதம், நகர்ப்புறத்தில் 50 சதவீதம் என்று சட்டம் வகுத்த வரம்பு, 2011 மக்கள் தொகையைக் கொண்டு 81.35 கோடி எனக் கணக்கிடப்பட்டது. அதன் பின் பிறந்தவர்களும் மணமாகி வேறு குடித்தனம் போனவர்களும் எத்தனையோ பேர். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. அதற்கு 2027 மார்ச் 1 ஆதாரத் தேதி என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. பழைய கணக்கின் வரம்பு நிரம்பிவிட்ட மாநிலத்தில், புதிதாக ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமாயின் இன்னொரு பெயரை நீக்க வேண்டும். இது நிர்வாகச் சிக்கல் போலத் தோன்றினும், பசித்தவரைப் பொறுத்தவரை வாழ்வுப் பிரச்சினையே.

அடுத்தது பருப்பு. குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ என்று அறிவிக்கப்பட்டது. தானியம் சென்ற வேகத்தில் இது செல்லவில்லை. காரணம் எளிது. அரிசியும் கோதுமையும் கிடங்கிலிருந்து நேரே கடைக்குப் போகும். இருப்பில் இருந்தவையோ முழுப் பயறுகள். அவற்றை ஆலைக்கு அனுப்பி உடைத்துப் பருப்பாக்கிப் பிறகே அனுப்ப வேண்டும். அப்போது ஆலைகளுக்கு ஆள் இல்லை. ஜூலைக்குப் பிந்திய கட்டத்தில் உடைக்காத கொண்டைக்கடலையாகவே கொடுத்தனர். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம் என்று இன்று சொல்வது எளிது. ஆயினும் புரதம் தரும் பொருளுக்கு, அரிசிக்கும் கோதுமைக்கும் உள்ளது போன்ற வழித்தடம் நாட்டில் இல்லை என்பது இதனால் வெளிப்பட்டது. வயிறு நிறைவது வேறு, உடல் ஊட்டம் பெறுவது வேறு.

இவ்வேறுபாட்டின் விலையை அதிகமாகக் கொடுத்தவர்கள் குழந்தைகள். பள்ளிகளும் அங்கன்வாடிகளும் மூடியபோது, ஏறத்தாழ 12 கோடி மாணவர்களின் மதிய உணவு நின்றது. பள்ளிகளை மூடியதால் இவ்வுணவு தடைப்படுவதை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 18 அன்றே, முழு முடக்கத்துக்கு முன்பாகவே, தானாகக் கவனத்தில் எடுத்துக்கொண்டது. கேரளம் அங்கன்வாடி உணவை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. பிற மாநிலங்கள் உலர் பொருளாகவோ பணமாகவோ, சில இடங்களில் பல மாதம் பிந்தியோ வழங்கின. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு விதிக்கப்பட்டது நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு. அன்றைய சமையற் செலவு ரூ. 4.97. இத்தொகையை வீட்டுக்குக் கொடுத்தால் அதிற் காய்கறியும் எண்ணெயும் சில்லறை விலையில் எவ்வளவு வாங்க முடியும்? அன்றியும், பள்ளியில் இட்ட உணவைக் குழந்தை தானே உண்ணும். வீட்டுக்கு வந்த அரிசி குடும்பம் முழுவதற்கும் உலையேறும். தந்தைக்கு வேலை இல்லாத வீட்டில் அதனைக் குறை கூறுவதற்கும் இடமில்லை.

2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதாகவும், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளோரில் 67.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளதாகவும் கூறுகிறது. ஆய்வின் ஒரு பகுதி தொற்றுக்கு முன்பே முடிந்துவிட்டமையால் இவற்றைப் பெருந்தொற்றின் கணக்கில் எழுதுவது தவறாகும். ஏற்கெனவே இந்நிலையில் இருந்த குழந்தைகளின் தட்டிலிருந்தே அந்த உணவு எடுபட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சமைத்த உணவு தர இயலாதபோது தானியமும் சமையற் செலவும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் குழந்தைக்குச் சேர வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு மதிய உணவு விதிகள் கூறுகின்றன. சமையலர் வராத நாளையும் விறகு இல்லாத நாளையும் எண்ணி எழுதப்பட்ட விதி அது. ஓராண்டுக்கும் மேலாகப் பள்ளிக் கதவு மூடியிருக்கும் என்று அதனை வரைந்தவர்கள் எண்ணியிருக்க முடியாது. இன்று எண்ண முடியும். மூன்று மாதத்துக்கு மேல் பள்ளி மூடுமாயின் பருப்பு, எண்ணெய், முட்டை அல்லது கடலை அடங்கிய பொட்டலம் எந்தக் கிடங்கிலிருந்து, எவர் மூலம், எந்த நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் செல்லும் என்பதை மாவட்டந்தோறும் எழுதி வைக்கலாம். அதற்குப் பெரும் செலவு எதுவும் இல்லை. பள்ளி வருகைப் பதிவேடு இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளருக்கு ஒவ்வொரு வீட்டின் வாசலும் தெரியும். புலம்பெயர் தொழிலாளருக்கு இல்லாதிருந்த பட்டியல், இக்குழந்தைகளுக்கு முன்பே கையில் இருக்கிறது.