பெரகல ஏற்றமும் பழைய மொறிஸ் மைனரும்



கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஊவாவை நோக்கி வரும் நெடுஞ்சாலை, ஹல்துமுல்லையைக் கடந்து பெரகலவில் இரண்டாகப் பிரிகின்றது. இடப்புறப் பாதை அப்புத்தளைக்கு ஏறிப் பண்டாரவளை வழியே பதுளைப் பக்கம் செல்லும். மற்றையது கொஸ்லாந்தை வழியே வெல்லவாயாவுக்கு இறங்கும். எப்பாதையிற் சென்றாலும் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். புதிய வண்டிகளே மூச்சு வாங்கும் இவ்விடத்தில், பழைய சிறு வண்டி ஒன்றை வைத்துக் காப்பது எங்ஙனம், அதற்கு ஆகும் செலவு எத்தகையது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இலங்கையில் பழைய சிறு வண்டி என்றவுடன் நினைவுக்கு வருவது மொறிஸ் மைனர். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948இல் இங்கிலாந்தில் வெளியாயிற்று. 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. இந்நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வரும்போதெல்லாம் பழைய வண்டிகளுக்கு மதிப்பு ஏறுவது வழக்கம். 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இலேயே மீண்டும் தொடங்கிற்று. அவ்விடைக்காலத்தில், கொட்டகையில் தூசி படிந்து கிடந்த வண்டிகளும் தெருவுக்கு வந்தன.

தோட்டக் காரியாலயம் ஒன்றிலிருந்து இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒருவர், தமது சேமலாப நிதியில் ஒரு பகுதியைக் கொடுத்து, 1950களின் பிற்பகுதியைச் சேர்ந்த மைனர் ஒன்றை வாங்கினார் எனக் கொள்க. கையில் எஞ்சியது சிறு தொகை. வண்டிக்கு வர்ணம் பூசி, இருக்கைகளுக்குப் புதிய உறை தைத்து, ஊரார் மெச்ச ஓட்ட வேண்டுமென்பது அவர் ஆசை. ஆசை இயல்பே. ஆயினும் அந்தப் பணம் முதலில் எங்கே போக வேண்டும்?

முதலில் அது முன்சக்கரத்துக்குப் போக வேண்டும். மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் தண்டு, மேலும் கீழும் மரையிட்ட கூடுகளுக்குள் திரும்புகின்றது. கராஜ்காரர் இதனை ‘ட்ரனியன்’ என்பர். இந்த மரைக்கு உயிர் கிறீஸ். ஆயிரம் மைலுக்கு ஒருமுறையேனும் கிறீஸ் ஏற்றாவிடின் மரை தேய்ந்துவிடும். தேய்ந்த மரை ஒருநாள் கழன்று, சக்கரம் வண்டிக்கடியில் மடிந்துவிடும். பெரும்பாலும் சக்கரத்தை முழுவதும் திருப்பும் வேளையிலேயே இது நிகழும். சமவெளியில் அது வெட்கக்கேடு. கொண்டை ஊசி வளைவில் உயிர்க்கேடு. சக்கரத்தை ஜக்கி வைத்து உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தேய்வு கைக்குத் தெரியும். வண்டிச் செலவுகளுள் மிகச் சிறியது கிறீஸ் செலவு, மறக்கப்படுவதும் அதுவே.

இரண்டாவது, பிரேக். மைனரின் பிரேக் எண்ணெய் நிற்கும் பிரதான சிலிண்டர், சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே மறைந்துள்ளது. விரிப்பை நீக்கி மூடியைத் திறந்தாலன்றி எண்ணெயின் அளவு தெரியாது. கண்ணிற் படாதது கருத்திலும் படுவதில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூடுபனி மிகுந்த மலைநாட்டில் இதனை மறத்தலாகாது. நெடிய இறக்கத்தில் பிரேக்கை விடாது மிதித்தால், சூட்டில் அந்நீர் ஆவியாகி, மிதிகட்டை பிடிப்பின்றித் தரைவரை இறங்கிவிடும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் எண்ணெயை முற்றாக மாற்றுதல் வேண்டும். தேயும் பிரேக் கட்டைகளைக் கையினாலேயே சரிசெய்ய வேண்டிய வண்டி இது. இறங்கும்போது தாழ்ந்த கியரில் இறங்குவது செலவில்லாத காப்பு. முதலாம் கியர் ஓட்டத்தில் எளிதில் விழாது. ஆதலால் வளைவுக்கு முன்னரே கியரைத் தெரிந்து போட்டுக்கொள்ளுதல் நன்று.

மூன்றாவது, துரு. மைனருக்குத் தனிச் சட்டம் இல்லை; உடலே சட்டம். கதவின் கீழ்ப்பகுதியும், பின்வில் பொருந்தும் இடமும், முன்புறக் குறுக்குத் தகடும் துருவேறினால் வண்டியின் முதுகெலும்பே இற்றதாகும். தகடு வெட்டி ஒட்டும் வேலைதான் செலவுகளுள் மிகப் பெரியது. புது வர்ணம் பூசிய வண்டியை வாங்குவோர் வர்ணத்தைப் பார்த்து மயங்காது, விரிப்பைத் தூக்கி அடித்தகட்டைப் பார்ப்பது அறிவுடைமை.

இவற்றுக்குப் பின்னரே இயந்திரம். அப்புத்தளை ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் நீர் 95 பாகை அளவிலேயே கொதிக்கும். அழுத்தங் காக்கும் றேடியேற்றர் மூடி பழுதாயின், ஏற்றத்தில் நீர் கொதித்து வழிதல் திண்ணம். மூடியை மாற்றுவது சிறு செலவு, வெடித்த தலைப்பகுதியை மாற்றுவது பெருஞ்செலவு. 2002இல் ஈயங் கலவாத பெற்றோல் வந்தபின், பழைய இயந்திரத்தின் வால்வு இருக்கைகள் விரைவில் தேயலாயின. பாரமிழுத்து ஏறும் வண்டியில் இது மிகுதி. அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு என்னும் வால்வு இடைவெளியை அடிக்கடி அளந்து பார்ப்பது நன்று. நடுவழியில் மின்சாரப் பெற்றோல் பம்பு ‘டக் டக்’ என்னும் ஓசையை நிறுத்தினால் பதறவேண்டியதில்லை. மெல்லத் தட்டினால் மீண்டும் ஓடும்; வீடு சேர்ந்ததும் அதன் தொடுமுனைகளைத் துப்புரவாக்குக.

உதிரிப் பாகங்கள் கிடைக்குமோ என்னும் அச்சமும் பெரிதன்று. 1990களில் இந்நாட்டின் தென்பகுதியிலேயே மைனருக்கான தகடுகளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்று இயங்கி, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே அவற்றை அனுப்பியது. இங்குள்ள கைவினைஞர் செய்த தகடுகள் அங்கே விலைபோயின என்பது பெருமைக்குரியது.

இனி அந்த எழுதுவினைஞரிடம் திரும்புவோம். நள்ளிரவில், மழையில், அயல்வீட்டார் வந்து கதவைத் தட்டுவர். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பர். தோட்டப்புறத்தில் வண்டி வைத்திருப்பவர் வீட்டுக் கதவு இவ்வாறு தட்டப்படுவது புதிதன்று. அவ்வேளையில் வண்டியின் வர்ணத்தை எவரும் பார்ப்பதில்லை. பின்னிருக்கையில் கிடப்பவள், தன் உயிரையும் பிறவாத உயிரையும் முன்சக்கரத்தின் ஒரு மரையிலும், காலடியில் மறைந்த சிறிதளவு எண்ணெயிலும் ஒப்படைத்திருக்கின்றாள். அவற்றைக் கவனித்துவைத்தவர் தயங்காது சாவியை எடுப்பார். வர்ணம் அடுத்த ஆண்டு பூசிக்கொள்ளலாம்.