சொல்லும் செவியும்
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



அன்றாட உறவுகளில் உரையாடும் திறனைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். கல்விக் கழகத்தின் விழாவிற்கு இது சிறிய பொருள் எனச் சிலர் எண்ணக்கூடும். நான் அவ்வாறு எண்ணவில்லை. நம் முன்னோர் நடத்திய போராட்டத்தில் ஒரு பெரும்பகுதி சொல்லைப் பற்றியதே ஆகும்.

தமிழில் ஒருவரை 'வா' எனலாம், 'வாரும்' எனலாம், 'வாருங்கள்' எனலாம். ஆனால் நரைத்த தலையுடைய நம் பாட்டனாரை ஊர்த்தெருச் சிறுவன் 'வாடா' என்றான். பாட்டனாரோ அச்சிறுவனை 'ஐயா' என விளிக்க வேண்டியிருந்தது. 'டா' என்னும் அந்த ஓரெழுத்துக்குள் ஓர் அடிமை வாழ்வே அடங்கியிருந்தது.

இதனை எதிர்த்து நம்மவர் எழுந்தனர். எப்பெயரைச் சொல்லி இழித்தார்களோ, அப்பெயரையே தலைப்பாக்கி 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார் இரட்டைமலை சீனிவாசன். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1920இல் அண்ணல் அம்பேத்கர் மராத்தியில் தொடங்கிய இதழ் 'மூக்நாயக்'. ஊமைகளின் தலைவன் என்பது அதன் பொருள். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை ஏற்றது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பலர் காண நம்மை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று.

மதிப்பான சொல்லுக்காக வெளியே இவ்வளவு போராடிய நாம், அச்சொல்லை வீட்டிற்குள் ஒருவருக்கொருவர் வழங்குகின்றோமா? இதுவே நான் உங்கள் முன் வைக்கும் வினா.

முதலில், படித்த பிள்ளைகளுக்கு ஒரு சொல். களை பறித்தும் கல் உடைத்தும் உங்களைப் படிக்க வைத்தவர்கள் உங்கள் பெற்றோர். விடுமுறைக்கு வரும் மகனிடம் தாய் ஏதேனும் கேட்டால், "உனக்கு இதெல்லாம் புரியாது" என்கிறான் மகன். தாயை 'நீ' என்பதில் குற்றமில்லை. அது நம் வீடுகளில் அன்பின் வழக்கு. குற்றம் 'புரியாது' என்னும் சொல்லில் உள்ளது. 'உனக்கு அறிவில்லை' என்று பிறர் நூற்றாண்டுகளாகச் சொன்னதையே இன்று அவள் பெற்ற மகனும் சொல்கிறான். அவளுக்குப் புரியவில்லை எனின், புரியும்படி சொல்லும் திறன் உனக்கு இன்னும் வரவில்லை என்றே பொருள்.

வள்ளுவர் கல்விக்கு 40ஆம் அதிகாரத்தையும், கல்லாமைக்கு 41ஆம் அதிகாரத்தையும் வகுத்து, அடுத்து 42ஆம் அதிகாரமாகக் 'கேள்வி'யை வைத்தார். எழுத்தறியாதவருக்கும் செவி உண்டு. செவி வழியாக அறிவு செல்லும். ஆகவே, பெரியவர் ஒருவர் பட்டாவையோ மனுவையோ கொண்டு வந்தால், அதனை முணுமுணுத்துவிட்டு, "இங்கே கைநாட்டு வையுங்கள்" என்று சொல்லாதீர்கள். நிறுத்திப் படித்துக் காட்டுங்கள். அவர் விளங்கிக்கொண்டதை அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். அதன் பிறகே கைநாட்டு.

அடுத்து, குடும்பத் தலைவர்களுக்கு. வேலைக்களத்தில் கேட்ட வசைச் சொல்லை வீட்டிற்குச் சுமந்து வந்து மனைவியின் தலையில் இறக்கி வைப்பது ஆண்மையன்று. பகலெல்லாம் அவளும் உழைத்தே வந்திருக்கிறாள். மேலிருந்து விழுந்த இழிவை நமக்குக் கீழே ஒருவரைத் தேடித் தள்ளிவிடுவதே சாதி முறையின் இயல்பு. அம்முறையை நம் அடுக்களைக்குள் நாமே நடத்தலாமா? பிள்ளைகளையும் "சனியனே" என்று அழைக்காதீர்கள். வீட்டில் பேச அஞ்சும் குழந்தை, நாளை வகுப்பறையிலும் நேர்முகத் தேர்விலும் நாவெழாமல் நிற்கும்.

சச்சரவு இல்லாத வீடு இல்லை. ஆயினும் சச்சரவுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. நடந்த செயலைச் சொல்லுங்கள், ஆளைப் பழிக்காதீர்கள். "உங்கள் வம்சமே இப்படித்தான்" என்றால் அதற்கு மறுமொழி இல்லை, சண்டைதான் வளரும். "நேற்றுச் சொல்லாமல் போனீர்கள், இரவெல்லாம் அஞ்சிக் கிடந்தேன்" என்றால் அங்கே மறுமொழிக்கு இடமுண்டு. எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். சினம் மிகுந்தால் பேச்சை மறுநாளைக்குத் தள்ளி வையுங்கள். ஆனால், மறுநாள் மறவாமல் பேசுங்கள். மாதக்கணக்கில் பேசாதிருப்பதும் வசைக்கு ஒப்பான கொடுமையே.

இறுதியாக, நம் சங்கங்களைப் பற்றி. செயலாளரிடம் குறை கண்டால் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். தேநீர்க் கடையில் கிசுகிசுக்காதீர்கள். கேள்வி எழுப்பும் இளைஞரைப் பெரியோர்களும் "நேற்றுப் பிறந்தவன்" என்று அடக்காதீர்கள். கணக்குக் கேட்பது பகைமையன்று. கேட்டவருக்குக் கணக்குக் காட்டுவதும் இழிவன்று. வெளிப்பகையால் உடையாத சங்கங்களும் உட்புறப் புறங்கூறலால் உடைந்துவிடும்.

இளைஞர்களே! இனிமையாகப் பேசுவது என்றால் யார் முன்னும் குனிந்து பேசுவது என்று பொருள் கொள்ளாதீர்கள். அநீதி இழைப்பவன் முன் நிமிர்ந்து பேசுங்கள்; அதற்குச் சட்டம் துணை நிற்கும். நம்மவர் முன் பணிந்து பேசுங்கள். அதற்குச் சட்டம் எதுவும் இல்லை, நம் மனமே துணை. எந்த மதிப்பை ஊரிடம் உரிமையாகக் கேட்கிறோமோ, அந்த மதிப்பை இன்று மாலையே நம் வீட்டுத் திண்ணையில் வழங்கத் தொடங்குவோம்.