சேர்ந்து படிக்கிறதும் சேர்ந்து காப்பி அடிக்கிறதும்

நாகர்கோவில்ல இருந்து இன்னொரு எபிசோட். இன்னைக்கு நம்ம கல்லூரிகள்ல நடக்குற ஒரு சங்கதியைப் பத்திப் பேசலாம்: பாதி வீடியோ, பாதி வகுப்புன்னு படிக்கிற பிளெண்டட் லேர்னிங். அதுல மாணவர் குழுவுக்கு என்ன வேலைங்கிறதுதான் கேள்வி.

நமக்கு நல்லாத் தெரிஞ்ச உதாரணம் என்பிடெல். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003ல தொடங்கின திட்டம். 2014ல இருந்து தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கலாம். ஒரு செமஸ்டர்ல 40% பாடங்கள் வரைக்கும் ஸ்வயம் தளம் வழியாப் படிக்க யுஜிசி 2021ல அனுமதி கொடுத்துச்சு. அதனால விருப்பத்துக்குப் படிச்ச காலம் போயி, கிரெடிட்டுக்காகப் படிக்கிற காலம் வந்தாச்சு.

12 வாரப் பாடம்னு வைங்க. வாராவாரம் அசைன்மென்ட். அதுல நல்லா செஞ்ச 8க்கு சராசரி போட்டு 25 மார்க். மிச்சம் 75 மார்க், தேர்வு மையத்துல போய் உக்காந்து எழுதணும். அசைன்மென்ட்ல 10, தேர்வுல 30 ரெண்டும் தனித்தனியா வாங்கினாத்தான் சான்றிதழ்.

இனி நடைமுறைக்கு வருவோம். கடைசித் தேதி ராத்திரி வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் விடையைப் போடுவான். அடுத்த அஞ்சு நிமிசத்துல வகுப்பே முடிச்சிரும். எல்லாருக்கும் 25க்கு 25. ஆனா தேர்வுல 30 வரலைன்னா அந்த 25ஆல ஒரு பிரயோஜனமும் கிடையாது. கணக்கு அவ்வளவுதான் மக்கா.

இதைப் பாத்துட்டு சில ஆசிரியர்கள், "குரூப்பே வேண்டாம், தனியாப் படிங்க"ன்னு சொல்லிடுறாங்க. அது இன்னொரு பக்கம் நஷ்டம். தமிழ் மீடியத்துல படிச்சு வந்த பிள்ளை ஆங்கில வீடியோவை மூணு தடவை பாத்தும் புரியலைன்னா யாருகிட்ட கேக்கும்? சார்கிட்ட கேக்கக் கூச்சம். பக்கத்துல இருக்குற பிள்ளை நம்ம பேச்சுல ரெண்டு வரி சொன்னாப் போதும், புரிஞ்சிரும். நேத்துதான் தனக்கே புரிஞ்சதனால, எந்த இடத்துல குழம்பும்னு அந்தப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும். இருபது வருசமா பாடம் எடுக்குறவருக்கு அது மறந்திருக்கும்.

ஹார்வர்டுல இயற்பியல் பேராசிரியர் எரிக் மாஸூர் 1990கள்ல இதை ஒரு முறையாவே ஆக்கினார். பாடம் நடத்தும்போதே ஒரு கேள்வி போடுவார். முதல்ல அவனவன் தனியா யோசிச்சு விடை சொல்லணும். அப்புறம் வேற விடை சொன்ன பக்கத்து ஆளோட பேசணும். பேசி முடிச்சு மறுபடி ஓட்டு. ஓக்லஹோமால லாரி மைக்கேல்சன் 1970களோட கடைசியில கொண்டுவந்த குழுக் கற்றலும் இதே வரிசைதான். ஒரு சின்ன டெஸ்டை முதல்ல தனியா எழுதணும், பிறகு அதே டெஸ்டைக் குழுவா எழுதணும்.

ரெண்டுலயும் முதல் அடி தனியா வைக்கிறது. வாட்ஸ்அப் குரூப்ல அந்த அடிதான் இல்ல. தன் விடைன்னு ஒண்ணு கையில இருந்தாத்தான் வாதாட முடியும். இல்லாட்டி நகல் எடுக்க மட்டுந்தான் முடியும். எங்க வேலையில கோட் ரிவ்யூன்னு ஒண்ணு உண்டு. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் வரி வரியாப் பாத்து, "இது எதுக்கு?"ன்னு கேப்பார். எழுதினவர்கிட்ட பதில் இருக்கணும். அதேதான் இது.

இந்த யோசனைக்கு நம்ம ஊர்லயே வேர் இருக்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்துல சட்டாம்பிள்ளைன்னு ஒருத்தன் இருப்பான் தெரியும்ல? மூத்த பையன், சின்னவங்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789ல ஆண்ட்ரூ பெல்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் சென்னை எழும்பூர்ல அநாதைச் சிறுவர்கள் பள்ளிக்குப் பொறுப்பாளரா வந்தார். நம்ம ஊர்ப் பிள்ளைங்க மணல்ல எழுதிப் படிக்கிறதைப் பாத்து, தன் பள்ளியில கொண்டுவந்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கல. மாணவர்களை வச்சே மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். 1797ல லண்டன்ல அதைப் புத்தகமாப் போட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்'னு அது உலகம் பூராவும் போச்சு.

ஆனா அதுல ஒரு எச்சரிக்கையும் இருக்கு. அந்த முறை பரவினதுக்குப் பெரிய காரணம், செலவு கம்மி. ஒரு வாத்தியார் இருந்தா நூத்துக்கணக்கான பிள்ளைங்களைச் சமாளிக்கலாம். இன்னைக்கும் "வீடியோ இருக்கு, பசங்க தங்களுக்குள்ள பாத்துக்குவாங்க"ன்னு ஆசிரியர் பணியிடத்தைக் காலியா விட்டா அதே கதைதான். குழு ஆசிரியருக்குத் துணை, மாற்று கிடையாது.

சரி, நம்ம மாவட்டத்துல ஒரு கல்லூரியில எப்படிச் செய்யலாம்? என் யோசனை இது.

ஒண்ணு, குழு வேலையை காலேஜ் விட்ட பிறகு வைக்காதீங்க. குலசேகரம் போற பிள்ளைக்கும் குளச்சல் போற பிள்ளைக்கும் வடசேரியில பஸ் நிக்காது. வீடியோவைத் தனியாப் பாக்கலாம், அது வீட்டுக்கு. பேச ஆள் வேணும், அது வகுப்புக்கு.

ரெண்டு, அஞ்சு பேர் குழுவை ஆசிரியரே பிரிக்கட்டும். சிநேகிதக்காரங்களா சேர்ந்தா, தனியா நிக்கிற பிள்ளை தனியாவே நிக்கும்.

மூணு, வாரம் ஒரு பீரியட். பத்து நிமிசம் தனி டெஸ்ட். பதினஞ்சு நிமிசம் அதே டெஸ்ட் குழுவா. மிச்ச நேரம், எல்லாக் குழுவும் சறுக்கின கேள்வியை மட்டும் ஆசிரியர் விளக்கட்டும். தனி மார்க், குழு மார்க் ரெண்டையும் சேருங்க.

நாலு, பேசுறது எந்த மொழியில இருந்தாலும் இருக்கட்டும். விளவங்கோடு பக்கத்துத் தமிழோ, மலையாளம் கலந்த பேச்சோ, ஒண்ணும் குறைஞ்சு போகாது.

அஞ்சு, வழக்கமான தொல்லை. ஒருத்தன் உழைப்பான், நாலு பேர் பேர் போடுவாங்க. மாசம் ஒரு தடவை குழுவுல யார் என்ன செஞ்சாங்கன்னு ஒவ்வொருத்தரும் ரகசியமா எழுதிக் கொடுக்கட்டும். அது மார்க்குல கொஞ்சம் சேரட்டும்.

முழுக்க ஆன்லைன்லயே நடக்குறதும் குழு இல்லாம ஓடல. 2020ல ஐஐடி மெட்ராஸ் அறிவிச்ச டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்புல மாணவர்களை பிச்சாவரம், நீலகிரி, சுந்தரவனம்னு காட்டுப் பேர் வச்ச ஹவுஸ்களாப் பிரிச்சிருக்காங்க. வீட்டுல லேப்டாப் முன்னாடி தனியா உக்காந்திருக்குற பிள்ளைக்கு, "நீ எங்க ஆளு"ன்னு சொல்ல ஒரு கூட்டம் வேணும்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.

கேக்குறவங்கள்ல ஆசிரியர்கள் இருந்தா அடுத்த வாரம் ஒரே ஒரு பீரியட் இதைச் செஞ்சு பாருங்க. மாணவர்களா இருந்தா அதுக்குக்கூட காத்திருக்க வேண்டாம். குரூப்ல விடை வர்றதுக்கு முன்னாடி உங்க விடையை ஒரு பேப்பர்ல எழுதி வையுங்க. வேற விடை சொன்னவனைக் கூப்பிட்டு, "ஏன்டே?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.