பூச்சியத்தில் ஒரு குறை



பழைய மோட்டார் சைக்கிளில் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். 99999 வரை ஓடியபின் அது 00000 என்று திரும்பிவிடும். வண்டி புதியதாகிவிட்டதா? இல்லை, ஆறாவது இலக்கத்திற்கு அங்கே இடமில்லை, அவ்வளவுதான். இதே சங்கடம் கணினிக்குள்ளும் வந்தது.

கிள்ளான் கடைத்தெருவில் நாம் வாங்கும் ஆண்ட்ராய்டு கைபேசியின் அடியில் லினக்ஸ் என்னும் கெர்னல் இயங்குகிறது. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியது அது. கெர்னலைத் தோட்டத்து மண்டோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேலைக்கு எதைக் கொடுப்பது என்று பிரித்துவிடுவது அதன் பொறுப்பு. அதற்கும் சில கட்டளை எண்கள் உண்டு. ஒரே சமயத்தில் எத்தனை கோப்புகளைத் திறந்து வைக்கலாம் என்பது அவற்றில் ஒன்று.

அந்த இடத்தில் 18446744073709551616 என்ற 20 இலக்க எண்ணை எழுதினால், மீட்டர் திரும்புவதுபோல் அது பூச்சியமாகிவிடும். பூச்சியம் என்றால் கோப்பு எதையுமே திறக்கக் கூடாது என்று பொருள்! கணினி விரைவில் முடங்கிவிடும்.

2019இல் கிறிஸ்டியன் பிரௌனர் என்பவர் இதற்கு ஒரு திருத்தம் எழுதினார். பூச்சியத்திற்குக் கீழே போகக் கூடாது, இன்ன எண்ணுக்கு மேலே போகக் கூடாது என்று இரண்டு வரம்புகள். படித்துப் பார்த்தால் குறையே தெரியாது. கெர்னலில் சேர்ந்தும்விட்டது.

குறை அந்தப் பூச்சியத்தில் இருந்தது. பைட் என்பது கணினி நினைவகத்தின் ஒரு சிறு அளவு. கீழ் வரம்பான பூச்சியத்தை 4 பைட் பெட்டியில் வைத்திருந்தார்கள். அதை எடுத்துப் பார்க்கும் பகுதியோ 8 பைட் அளந்து படிக்கும். ஆகவே பக்கத்துப் பெட்டியில் கிடந்ததையும் சேர்த்துப் படித்தது. லயத்தில் ஒரு வீட்டுக் கணக்கைக் கேட்டால் அடுத்த வீட்டுக் கணக்கையும் கூட்டிச் சொல்வதுபோல! நினைவகத்தைக் காவல் காக்கும் சோதனைக் கருவி ஒன்று இதைக் காட்டிக்கொடுத்தது. வில் டீக்கன் என்பவர் 8 பைட் பூச்சியம் ஒன்றை வைத்துச் சரிசெய்தார்.

பழைய குறை தீர்ந்ததா என்று மட்டும் பார்த்தால், திருத்தத்தைச் சரிபார்த்ததாக ஆகாது. புது வரியைப் பழைய வரி எப்படிப் படிக்கும் என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வரம்பு மீறிய எண்ணைக் கொடுத்தால் கெர்னல் அதைத் தள்ளிவிட்டுப் பழைய எண்ணையே வைத்துக்கொண்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. எழுதியவரோ எண் மாறிவிட்டதென்று நம்பிக்கொண்டிருப்பார். இதற்கும் பிரௌனரே அதே ஆண்டில் ஒரு திருத்தம் தந்தார். அதன்பின், கொடுத்த எண் செல்லாது என்று கெர்னல் சொல்லிவிடுகிறது.